பெயர் சொன்னால் அழுத்து

போன மாதம் ஒரு புதன்கிழமை, செரம்பான் பக்கம் பாரோய் கிளினிக்கில் எண் காட்டும் பெட்டி கெட்டுப்போய்விட்டது. கிழமையைச் சொல்லாமல் எனக்கு எதையும் தொடங்க வராது. செய்தித்தாளை விரித்தால்கூட முதலில் தேதியைப் படித்துவிட்டுத்தான் உலகத்துக்குள் போவேன். என் மகள் மாலா இதற்காக என்னைக் கேலி செய்வாள். போகட்டும்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வந்த கூட்டம். பெட்டி இருண்டு கிடந்ததால் இளம் தாதி ஒருத்தி அறை வாசலில் நின்று, கையிலிருந்த அட்டைகளைப் பார்த்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் முறை வந்தது. குரலை நன்றாக உயர்த்தி என் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. என் வலது கால் தரையை அழுத்தியது.

ஏதோ கால் நகர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தால், செருப்பு வளையும்படி அழுத்தி, அப்படியே நின்றது.

"என்னா ஆன்ட்டி, காலு பிடிச்சிக்கிச்சா?" என்று பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா."

"பின்ன ஏந்திரிங்க லா. உங்க பேருதானே கூப்பிட்டாங்க? கார்டுல பார்த்தேன்." எனக்காக அவளே கையைத் தூக்கி, "மிஸ்ஸி, சினி, சினி!" என்று இடத்தைக் காட்டிக்கொடுத்தாள்.

உள்ளே போய், சோதனைக்கு ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, குழாயடியில் கை கழுவினேன். விலை குறைந்த மஞ்சள் சவுக்காரம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், கால் ஏன் அப்படிச் செய்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயர் விஷயம். எங்கள் தாமான் குடியிருப்பில் நான் மாலா அம்மா. கோயிலில் அக்கா. பஸ்ஸில் ஆன்ட்டி. பேங்க்கில் ஒரு நம்பர். பிறந்த வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் அது வழக்கமும் இல்லை. கணவன் மனைவியை "இந்தா" என்பான், மனசு நன்றாக இருந்தால் "புள்ள" என்பான். மனைவி கணவனை "ஏங்க" என்பாள். அவன் பெயரை மட்டும் அவள் வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் அவன் ஆயுள் குறையும். மாலாவைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தகப்பன் பெயரைக் கேட்டார்கள். நான் அவருடைய அடையாளக் கார்டின் நகலை நீட்டினேன். "வாயில சொல்லுங்களேம்மா, எழுதிக்கிறேன்" என்றார் பள்ளிக் கிராணி. நான் நகலை அவர் மூக்குக்கு இன்னும் கொஞ்சம் அருகே நீட்டினேன்.

அப்போதே நூலகத்துப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படிக்கிறவள் நான். பெயருக்கும் ஆயுளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தலைக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாது.

ரந்தாவ் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு வேலை குறைந்துபோனது. சுங்கை காடுட்டிலிருந்து ஆலை பஸ் லயத்து முனை வரைக்கும் வரத் தொடங்கியது. முதலில் அவர் போனார், என் கணவர். மாலா பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நானும் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம். சரியான தேதியை எங்கும் குறித்து வைக்கவில்லை. மாலாவுக்கு முதல் பல் விழுந்த நாளைக்கூட காலண்டரில் வட்டம் போட்டு வைத்தவளுக்கு இது பெரிய மானக்கேடு.

அது கம்பி ஆலை. ஆலை முழுக்கச் சவுக்கார வாசனை. கம்பி, டைக்குள் நுழையுமுன் சவுக்காரத் தூள் நிரம்பிய ஒரு பெட்டியைக் கடந்து போகும், வழுக்கிக்கொண்டு போவதற்காக. சூட்டில் அந்தத் தூள் வெந்து, வியர்வையோடு சேர்ந்து துணியில் ஏறிக்கொள்ளும். ரப்பர் வெட்டிய காலத்தில் எங்கள்மேல் ஒட்டுப்பாலின் நாற்றம். அதைப் போக்கச் சவுக்காரம் போட்டுக் குளிப்போம். ஆலைக்கு வந்த பிறகு சவுக்காரத்தின் வாசனையைப் போக்க எதைப் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

டை என்றேன் அல்லவா, கம்பி இழுப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். செரம்பானில் பத்தர் கடையில் நீங்கள் பார்த்திருக்கலாம். ஓர் எஃகுத் தகட்டில் பெரிதும் சிறிதுமாக வரிசையாகத் துளைகள் இருக்கும். கம்பியச்சு என்பார்கள். தங்கத்தின் நுனியைக் கூராக்கி ஒரு துளையில் விட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதைக் குறட்டால் பிடித்து, காலை ஊன்றிக்கொண்டு இழுப்பார். பிறகு அதைவிடச் சிறிய துளை. இப்படி இழுத்து இழுத்தே நூலாக்கிவிடுவார். என் தாலிக்கொடியும் அப்படி வந்ததுதான். எங்கள் ஆலையில் இரும்பில் நடந்ததும் அதுவேதான். ஆனால் பத்தருக்குக் கையும் காலும் ஒரே ஆளுடையவை. எங்களுக்குக் கை ஒருவருடையது, கால் இன்னொருவருடையது.

பென்சிலைவிடச் சற்று மெல்லிய இரும்புக் கம்பி சுருள் சுருளாக வரும். நுனியை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கிக் கூராக்க வேண்டும். அந்தக் கூரை டையின் துளையில் விட்டால் மறுபக்கம் விரல் நீளம் வெளியே வரும். அதைக் கவ்வ ஒரு சங்கிலி, சங்கிலியின் முனையில் பல் வைத்த இடுக்கி. அதை நாங்கள் நாய் என்போம். இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிக் கடிக்கும். சங்கிலியின் மறுமுனையைப் பெரிய இரும்பு டிரம்மில் மாட்டிவிட்டு, பெடலை மிதித்தால் டிரம் மெல்லச் சுற்றும். கம்பி முனகிக்கொண்டு டை வழியாக வெளியே வரும். முதல் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கையால் ஒதுக்கிவிட வேண்டும். போதுமான சுற்று விழுந்ததும் நிறுத்தி, நாயைக் கழற்றி, நுனியை மறுபடி கூராக்கி, அடுத்த டை, அடுத்த டிரம். கடைசி டிரம் வரை கோத்துவிட்டால் மிஷின் தன்பாட்டுக்கு ஓடும். சுருள் தீரப்போகும்போது அதன் வாலோடு புதுச் சுருளின் தலையைப் பற்றவைத்துவிடுவோம். பழைய கம்பியே புதுக் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விடும். நடுவில் அறுந்தால்தான் தொல்லை. மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். கம்பி அறுவது தினமும் நடக்கிற காரியம்.

கோக்கும்போது கம்பிக்காரரின் கை டிரம்மை ஒட்டி இருக்கும். பெடலில் நிற்பவருக்கு அவருடைய முதுகுதான் தெரியும், கை தெரியாது. முன்பெல்லாம் "ஜாலான்", அதாவது ஓட்டு, என்று கத்தினால் மிதிப்பது வழக்கமாம். ஒரு நாள் பக்கத்து மிஷின்காரர் தன் ஆளுக்கு "ஜாலான்" என்று கத்த, இந்த மிஷின் பெடலில் நின்றவர் மிதித்துவிட்டார். மலாய்க்கார அண்ணன் ஒருவருக்கு விரல் போனது. அதற்குப் பிறகு எங்களை மேய்க்கிற சீன மண்டோர் ஒரு விதி வைத்தார். "ஜாலான்" கிடையாது, "ஸ்டாப்" கிடையாது, எல்லாருக்கும் பொதுவான எந்தச் சொல்லும் கிடையாது. பெடலில் நிற்பவரின் பெயரைக் கூப்பிட வேண்டும். பெயர் சொன்னால் அழுத்து. மறுபடி பெயர் சொன்னால் காலை எடு. நடுவில் யார் என்ன கத்தினாலும் கால் அசையக் கூடாது. கண்ட சத்தத்துக்கும் காலை எடுத்தால் கம்பி தளர்ந்து, அவிழ்ந்து, கோக்கிறவர் முகத்தில் அடிக்கும்.

நான் முதலில் இருந்தது சுருளுக்கு அட்டை கட்டும் இடத்தில். கம்பி கோத்த என் கணவரோடு பெடலில் நின்றவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடவே, மண்டோர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து அங்கே நிறுத்தினார். புருஷன் பெண்டாட்டி என்றால் இன்னும் வசதி என்று நினைத்தார், பாவம்.

என் கணவர் நுனியை டையில் விட்டார். நாய் கடித்தது. இனி என்னைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. அவர் முதுகு அசையவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"இந்தா," என்றார் கடைசியில், தோளுக்கு மேல், மெதுவாக.

மண்டோர் பாய்ந்து வந்தார். "பாங்கில் நாமா லா! நாமா!" பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று மலாயில் கத்தினார்.

"போஸ், அது என் ஒய்ஃப், போஸ்."

பெண்டாட்டிக்குப் பெயர் இல்லையா என்று கேட்டார் மண்டோர். நியாயமான கேள்விதான்.

அவர் கூப்பிட்டார். கூச்சத்தை மறைக்கப்போய்த் தேவைக்கு மேல் கத்திவிட்டார். பின்னால் ஆணி அடிக்கிற பிரிவு வரைக்கும் கேட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி, மாலாவும் பள்ளிக்குப் போகிற அளவுக்கு வளர்ந்த பிறகு, என் பெயர் அவர் வாயில் எப்படி ஒலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முதல் எழுத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். நான் அழுத்தினேன். கம்பி வந்தது. போதுமான சுற்று விழுந்தது. மறுபடி கூப்பிட வேண்டிய நேரம் வந்தது, தாண்டியும் போனது. இரண்டாவது தடவை கூப்பிட அவருக்குத் தைரியம் வரவில்லை. நானோ விதியை மீறாதவள், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. காலை எடுக்கவில்லை. கம்பி ஏறி ஏறிக் குவிந்தது. மண்டோர் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானைக் குத்திய பிறகுதான் டிரம் நின்றது.

"ஒரு தடவ கூப்பிட்டதுக்கே மலை மாதிரி கம்பி!" என்றான் பக்கத்து மிஷின் குணா. "அண்ணே, நாளைக்கு மெல்லமா கூப்பிடுங்க லா, ஆலை தாங்காது."

"வீட்டுல இப்பிடித்தான் கத்துவாரா, அக்கா?" என்றான் இன்னொருத்தன்.

"வீட்டுல அக்காதான் கத்துவாங்க. இவரு பெடலு." மறுபடி குணா.

அன்று வீட்டுக்குப் போனதும் பழையபடி "இந்தா, தண்ணி குடு" என்றார். ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஆலையில் கம்பி அறும்போதெல்லாம் என் பெயர். கோக்கத் தொடங்கும்போது ஒரு தடவை, நிறுத்தும்போது ஒரு தடவை, அடுத்த டிரம்முக்கு மறுபடி. நாளாக ஆகக் கூச்சம் போய், குரல் இறங்கி, என் பெயர் அவர் வாயில் பழகிவிட்டது. கம்பி அறுந்தால் ஆலையே திட்டும். நானும் சேர்ந்து திட்டுவேன், உள்ளுக்குள் சந்தோஷமாக.

பிறகு அவர் கண்ணில் இரும்புச் செதில் தெறித்தது. கம்பியின்மேல் இருக்கும் கறுப்புச் செதில். இடது கண்ணில் கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரிக்கும் வரை கம்பியைத் தொடக் கூடாது, பெடலில் நில் என்றார் மண்டோர். கோக்கிற வேலையைப் பார்த்துப் பார்த்தே நான் கற்றுக்கொண்டிருந்ததால் கம்பி என் கைக்கு வந்தது. ஒற்றைக் கண்ணோடு சிரமமென்றால் என்னோடு பெடலில் நிற்க வேறு ஆளைத் தருகிறேன் என்றும் சொன்னார். இவர் விடவில்லை.

"அடுத்தவன் காலை நம்பி ஒங்கைய குடுக்க மாட்டேன்," என்றார் என்னிடம்.

அவர் எனக்குச் சொன்ன காதல் வசனம் என்று எதையாவது எழுத வேண்டுமானால் இதைத்தான் எழுதுவேன். வேறு கைவசம் இல்லை.

ஆக, இப்போது கம்பியில் நான், பெடலில் அவர். அவர் பெயரை நான் கூப்பிட வேண்டும். மண்டோர் அருகில் வந்து நின்றார். குணா தன் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவரே ஒரு வழி சொன்னார்.

"நீ மாலாவ கூப்பிடு. நான் மிதிக்கிறேன்."

"மாலா!" என்றேன். டிரம் சுற்றியது. "மாலா!" என்றேன். நின்றது. மண்டோருக்கு அந்தப் பெயரில் வேறு ஆள் அங்கே இல்லை என்பதே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து ஆலையில் அவருக்கு மாலா அண்ணன் என்று பெயர். வேலை நன்றாகவே நடந்தது. நாங்கள் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம். கம்பி அறுந்திருந்தது. கடைசி டிரம்முக்குக் கோத்துக்கொண்டிருந்தேன். மாலாவைக் கூப்பிட்டாயிற்று, டிரம் சுற்றுகிறது. ஒரு சுற்றை ஒதுக்கிவிடக் கை போனது. கையுறையின் விளிம்பு கம்பிக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டது. அடுத்த சுற்று அதன்மேல் விழுந்தது. கை டிரம்மோடு போகத் தொடங்கியது.

"ஏங்க!" என்று கத்தினேன். "ஏங்க! ஏங்க!"

பயத்தில் வாய் வீட்டுக்கு ஓடிவிட்டது. அங்கே பழகின சொல் அதுதான். மாலா என்று கூப்பிட வேண்டும் என்பது மறந்தே போனது. எனக்குப் பின்னால் அவர் பெடலில் நின்றார், ஒரு கண்ணில் கட்டோடு. அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் முதுகும் விதியும். அந்த இரைச்சலில் "ஏங்க" என்பது எந்தப் பெண்ணும் யாரையும் கூப்பிடுகிற சத்தம். அவர் காலை எடுக்கவில்லை. எடுத்தால் கம்பி என் முகத்தில் அடிக்கும் என்று நினைத்தார். டிரம் சுற்றியது. விரல்கள் இறுகின. அப்போது என் வாயிலிருந்து அவர் பெயர் வந்தது. எந்த ஒட்டும் இல்லாமல், மரியாதை இல்லாமல், தெருவில் விளையாடும் பையனைக் கூப்பிடுகிற மாதிரி, முழுப்பெயர்.

டிரம் நின்றது.

கையுறை கிழிந்து டிரம்மில் தங்கிவிட்டது. கை வெளியே வந்துவிட்டது. மோதிர விரல் மட்டும் இன்றைக்கும் மடங்காது. அவர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டுப் போட்ட கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எம்பேர சொன்னே."

"இல்ல."

"சொன்னே புள்ள. எங்காதால கேட்டேன்."

"அது பயத்துல வந்தது. சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்."

பஸ் சிலியாவ் சாலையில் திரும்பியது. பிறகு, வெளியே பார்த்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சி," என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "இன்னொரு தடவ சொல்லேன்."

நான் சொல்லவில்லை.

கண் ஆறியதும் அவர் கம்பிக்குத் திரும்பினார், நான் பெடலுக்கு. ஆனால் அந்த ஆசை அவரை விட்டுப் போகவில்லை. தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால், "எப்பிடி இருக்கு? பேர சொல்லி சொல்லு" என்பார். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார். ஐயர் காத்திருப்பார். நானும் காத்திருப்பேன். கடைசியில் மாலா சொல்லிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை சி ரூசா கடற்கரைக்குக் கூட்டிப் போனார். மாலா மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அலை பெரிதாக அடித்த நேரம் பார்த்து என் பக்கம் குனிந்தார்.

"இங்க எவ்ளோ சத்தம் பாரு. யாருக்கும் கேக்காது. சொல்லு."

"கடலுக்குக் கேக்குமே."

"கடலு யாருகிட்ட போயி சொல்லப்போவுது?"

"எமன்கிட்ட," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் அதோடு கேட்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நான் விளையாடவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு புது மிஷின்கள் வந்தன. டிரம்மைச் சுற்றிக் கூண்டு. கதவு திறந்திருந்தால் டிரம் முழு வேகத்தில் ஓடாது. கம்பி கோக்கிறவர் கழுத்தில் கயிற்றோடு தொங்கும் பொத்தானைத் தானே அழுத்தித் தானே விட்டுக்கொள்ளலாம். பத்தரைப்போலக் கையும் காலும் ஒருவருக்கே ஆகிவிட்டன. நல்ல ஏற்பாடு. அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் யாருக்கும் விரல் போகவில்லை. நான் மறுபடி அட்டை கட்டப் போனேன். பெடலை என்ன செய்தார்கள் என்று தெரியாது. அவர் என்னைக் கடைசியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எந்த நாளில் என்றும் தெரியாது. அறிவிப்பு ஒட்டிவிட்டா நிறுத்துகிறார்கள் இதையெல்லாம்? ஏதோ ஒரு நாள் கம்பி அறுந்தது, கூப்பிட்டார், அழுத்தினேன், மறுபடி கூப்பிட்டார், எடுத்தேன். அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் காலண்டரில் வட்டம் போட்டிருப்பேன்.

தோட்டம் கைமாறி, நாங்கள் பாரோய்க்கு வந்து, மாலாவுக்குக் கல்யாணமாகி, இருவரும் ஓய்வு பெற்று, எத்தனையோ வருஷம் "இந்தா", "ஏங்க" என்றே ஓடியது. குறை ஒன்றுமில்லை.

சில வருஷங்களுக்கு முன், தைப்பூசம் முடிந்த வாரம், காலையில் பசியாறிக்கொண்டிருந்தவர் அப்படியே இடது பக்கம் சரிந்தார். செரம்பான் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். கண் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. மத்தியானம் பார்வை நேரத்தில் நானும் மாலாவும் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தோம். நான் அவர் காதருகே "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வயதான மலாய்க்காரத் தாதி ஒருவர் மருந்துப் புட்டியை மாற்ற வந்தவர், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, பாங்கில் நாமா டியா," என்றார். அவர் பெயரைக் கூப்பிடுங்கள்.

எனக்குச் சவுக்கார வாசனை அடித்தது. சத்தியமாக அடித்தது.

"ஏங்க" என்றேன் மறுபடி.

"நாமா, ஆன்ட்டி. நாமா."

"மாலா!" என்றேன் கொஞ்சம் சத்தமாக. என் மகள் "என்னம்மா?" என்று பதறினாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. அவரிடம் அசைவில்லை.

பிறகு அவர் பெயரைச் சொன்னேன். அன்றைக்குச் சொன்ன மாதிரியே, ஒட்டில்லாமல், முழுதாக, வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. மாலா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா வாயிலிருந்து அப்பா பெயர் வருவதை அவள் கேட்டதே இல்லை.

போர்வைக்குள் அவருடைய வலது கால் அழுத்தியது.

முன்பாதம் வளைந்து, கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை அழுத்தி, அப்படியே நின்றது. போர்வை இழுபட்டது. தாதியும் பார்த்தார். கால் எடுக்கப்படவில்லை. நான் கூப்பிடும் வரை எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியும்? மறுபடி பெயரைச் சொன்னேன். கால் தளர்ந்து பின்னால் வந்தது.

மூன்றாவது தடவை சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு, பார்வை நேரம் முடிந்து எங்களை வெளியே அனுப்பும் வரை, எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று தெரியாது. இத்தனை வருஷம் கேட்டீர்களே, இந்தாங்க, இந்தாங்க என்று அள்ளிக் கொட்டுகிற மாதிரி கூப்பிட்டேன். டாக்டர், அந்த மாதிரி அசைவுகள் தானாகவே வரும், அதில் அர்த்தம் தேட வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னார். நிறையப் படித்தவர், நல்லவர். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் போய்விட்டார்.

இப்போது ஒவ்வொரு திதிக்கும் ஐயர் பெயரைக் கேட்கிறார். நானே சொல்கிறேன். இப்போது சொல்லலாமாம். குறைவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் சொல்லும்போது குரல் அர்ச்சனைக் குரலாகத்தான் வருகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது வேறு குரல். அவர் கேட்டது அந்தக் குரலைத்தான். "நல்லா இருந்துச்சி" என்று மறுபடி சொல்ல அவருக்கு நான் நேரம் வைக்கவில்லை. இங்கேயும் அந்தப் பெயரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். எழுத்தில் அதற்குச் சத்தம் கிடையாது.

ஆலை இருந்த இடத்தில் இப்போது நாற்காலி மேசை அடுக்கி வைக்கிற கிடங்கு. ஒரு தடவை பஸ்ஸில் போகும்போது ஜன்னலைத் திறந்து மூச்சிழுத்துப் பார்த்தேன். வார்னிஷ் வாசனைதான் வந்தது. லயங்கள் இருந்த இடத்தில் மாடி வீடுகள் எழும்பி, தெருக்களுக்கெல்லாம் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். மண்டோர் இல்லை. குணா எங்கே என்று தெரியவில்லை. பெயர் சொன்னால் அழுத்து, மறுபடி பெயர் சொன்னால் எடு என்ற விதி தெரிந்த ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று நினைக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை, மாத்திரைப் பையோடு கிளினிக்கை விட்டு வெளியே வந்தேன். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், வலது கால் மறுபடி தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தாதி ஒரு தடவைதான் கூப்பிட்டிருந்தாள். என் பஸ் வந்தது, நின்றது, போனது. நான் காலை எடுக்கவில்லை.